பல்லில் கடித்துக் கேட்ட கப்பு

எனக்குக் குரல் பெரிது. பிறவியிலேயே கொஞ்சம் பெரிதுதான், கம்பெனியில் சேர்ந்த பிறகு இன்னும் பெரிதாகிவிட்டது. விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிற பேட்டையில், ஒரு சின்ன கம்பெனியின் தரம் பிரிக்கிற ஷெட்டில் எனக்கு வேலை. சூளையிலிருந்து வந்த கப்புகளைக் குவித்து வைத்திருப்பார்கள். பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கப்பையும் எடுத்து விளிம்பில் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கப்பு என்றால் ‘ணங்’ என்று நீளமாக இழுக்கும். கண்ணுக்கே தெரியாத மயிரிழை விரிசல் இருந்தாலும் ‘டப்’ என்று அடங்கிவிடும். நல்லதை ‘பேசுது’ என்போம், விரிசல் விட்டதை ‘பேசல’ என்போம். பத்துக் குச்சிச் சத்தத்துக்கு நடுவில் பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தத்தான் வேண்டும். அந்தக் கத்தலோடுதான் சாயங்காலம் வீட்டுக்கு வருவேன்.

இதெல்லாம் எழுபதுகளின் தொடக்கத்தில். என் மகளுக்கு அப்போது நாலரை வயது, ஒரே பிள்ளை. என் வீட்டுக்காரர் அதே பேட்டையில் வேறொரு கம்பெனியில் சூளை எரிக்கிறவர். சூளையைப் பற்ற வைத்துவிட்டால் சுட்டு முடிகிற வரைக்கும் ஆள் நகர முடியாது. அதனால் அவர் வீட்டில் தங்குவதே அபூர்வம். நான் வேலைக்குப் போகிற நேரத்தில் மகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு அக்கா. முஸ்லிம் குடும்பம். அவருடைய வீட்டுக்காரர் கடைவீதியில் வைத்திருந்த துணிக்கடையைத் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டு துபாய்க்குப் போயிருந்தார். அக்காவுக்கு ஒரு மகன், என் மகளைவிட ஐந்து மாதம் சின்னவன். அக்கா என்னைப் போல இல்லை. அவர் பேசினால் கிட்டே போய்க் காதைக் கொடுக்க வேண்டும், அத்தனை மெல்லிய குரல்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் மகளைப் பால்வாடியில் கொண்டுபோய் விட்டேன். பத்தாம் நாள் டீச்சர் என்னை வரச்சொல்லி அனுப்பினார். சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அதட்டிப் பேசத் தெரியாத சாது.

“பாப்பா சேட்டையெல்லாம் பண்ணலைங்க. ஆனா கூப்டா திரும்ப மாட்டேங்குது. எல்லாப் புள்ளைங்களும் பாட்டு சொன்னா இது சும்மா எங்க வாயையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்குது. புத்தி கொஞ்சம் மந்தமோன்னு தோணுதுங்க.”

“யாரு மந்தம்? எம் பொண்ணா?” என்றேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

“கோச்சிக்காதீங்கம்மா. இன்னும் கொஞ்ச நாளு வூட்டுலயே வெச்சிருங்க. ஜூன் மாசம் ஸ்கூலு தெறக்கறப்ப பெரிய டீச்சர் கூப்ட்டுப் பாப்பாங்க. அப்பயும் இப்படியே இருந்தா ஒண்ணாங் கிளாஸ்ல சேத்துக்க மாட்டாங்க. அதுக்குத்தான் இப்பயே சொல்றேன்.”

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் அந்த டீச்சரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் டீச்சர் சொன்னதை நானும் பார்த்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் நின்று அக்கா கூப்பிட்டால் என் மகள் திரும்பவே மாட்டாள். விளையாட உட்கார்ந்துவிட்டால் யார் என்ன சொன்னாலும் ஏறாது. நான் கூப்பிட்டால் மட்டும் சட்டென்று ஓடிவருவாள். ‘என்கிட்டதான் பயம் இருக்குது’ என்று அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. மற்றபடி அது திமிர், அவள் அப்பா வீட்டுப் பிடிவாதம் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். அதற்காக நாலு சாத்து சாத்தியும் இருக்கிறேன்.

ஜூனுக்கு இன்னும் நாலு மாதம்தான் இருந்தது. மந்தமா இல்லையா என்று நானே பார்த்துவிடுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். ஆனால் சொல்லித்தர எனக்கு என்ன தெரியும்? கருவேப்பிலங்குறிச்சியில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எனக்கு நன்றாகத் தெரிந்தது பீங்கான் ஒன்றுதான். கம்பெனியில் கழித்துக் கட்டினதை மேஸ்திரியிடம் கேட்டு மடியில் கொண்டுவர ஆரம்பித்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, கொல்லைப்பக்கம் ஒரு வாளித் தண்ணீர் வைத்தேன். இரண்டு கப்புகள். ஒன்று பச்சைக் கப்பு, அதாவது காய்ந்தது ஆனால் சுடாதது. இன்னொன்று ஒரு தடவை சுட்டு, மேல்பூச்சு போடாதது. அதற்குக் கம்பெனியில் பிஸ்கட் என்று பேர். பிஸ்கட் இருக்கிறது என்று காதில் விழுந்ததும் அக்கா மகன் ஓடிவந்து, பார்த்துவிட்டு, அழுதான்.

இரண்டையும் தண்ணீரில் போட்டேன். பிஸ்கட் கப்பிலிருந்து முத்து முத்தாகக் காற்று கிளம்பியது, அவ்வளவுதான், கப்பு அப்படியே கிடந்தது. பச்சைக் கப்பு ஓரத்திலிருந்து பொருபொருவென்று உதிர்ந்து, விரல் நுழைக்கிற காது கழன்று, கடைசியில் வாளி அடியில் வெள்ளைச் சேறாகப் படிந்தது. அக்கா மகன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். என் மகள் மூக்கு தண்ணீரில் முட்டுகிற மாதிரி குனிந்து, அது கரைந்து முடிகிற வரைக்கும் அசையவில்லை.

“கப்பு எங்கம்மா போச்சி?” என்று கேட்டாள்.

வாளிக்குள் கையை விட்டுச் சேற்றை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தேன். அதைப் பிசைந்து பிசைந்து பார்த்தாள். பிறகு பிஸ்கட் கப்பையும் எடுத்துப் பிசைந்து பார்த்தாள். அது மசியவில்லை என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்து, “இது ஏன் சேறா ஆவ மாட்டேங்குது?” என்றாள். அவள் அப்பா சாப்பிட வந்தபோது கேட்டோம். “சுட்டாச்சின்னா சுட்டாச்சி, அப்புறம் மண்ணு திரும்பி வராது” என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினாள்.

அடுத்த வாரப் பாடம் மிதக்கிறது, மூழ்குகிறது. கப்பை நிமிர்த்தி வைத்தால் தண்ணீரில் படகு மாதிரி நின்றது. அதே மாதிரிக் கப்பில் உடைந்த துண்டு விரல் அகலம் இருக்கும், போட்டதும் அடியில் போய்விட்டது. “பெருசு மெதக்குது, சின்னது முழுவுதே!” என்று துள்ளினாள். மிதக்கிற கப்பில் ஒவ்வொரு புளியங்கொட்டையாகப் போட்டு, எத்தனாவது கொட்டையில் மூழ்குகிறது என்று பார்த்தாள். அது மூழ்காது போலிருந்தது, கூழாங்கல்லுக்கு மாறினாள். அந்த யோசனை நான் சொன்னதில்லை, அவளாகவே செய்தது. நான் சுவரைப் பார்த்து, “ஏன் டீச்சரம்மா, இதுவா மந்தம்?” என்று கேட்டேன். அக்கா சிரித்தார்.

“சொவத்தப் பாத்து சண்ட போடற ஒரே பொம்பள இந்த ஊருல நீதான்” என்றார்.

அப்புறம் நாக்கு. காய்ந்த பிஸ்கட் துண்டை நாக்கில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அப்படியே ஒட்டிக்கொள்ளும். கம்பெனியில் நாங்கள் எல்லோரும் விளையாட்டாகச் செய்வோம். நாக்கை நீட்டித் துண்டைத் தொங்கவிட்டுக் காட்டினேன். என் மகளுக்கு அதில் பித்து பிடித்துவிட்டது. பூச்சு போட்ட துண்டை வைத்தாள், ஒட்டவில்லை. ஓட்டுத் துண்டை வைத்தாள், கொஞ்சம் ஒட்டியது. செங்கல்லை நக்கினாள். அது முதல் எது கையில் கிடைத்தாலும் நேரே வாய்க்குத்தான் போகும். “வாயில வெக்காதடி!” என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! என் பேச்சை அவள் கேட்காமல் போனதற்கு இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாகத்தான் என் சொந்த வித்தைக்கு வந்தேன். மாசி முடிகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்பது கப்புகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்தேன். ஐந்து நல்லவை. பூச்சில் புள்ளி விழுந்ததால் கழிக்கப்பட்டவை, ஆனால் கணீரென்று பேசும். மற்ற நாலும் விரிசல் விட்டவை. மூங்கில் குச்சியால் தட்டிக் காட்டி, “இது பேசுது, இது பேசல” என்று சொல்லிக்கொடுத்தேன். என் மகள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சரியாகச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகளுக்கு என் காது வந்திருக்கிறது என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

“இப்ப கண்ண கட்டிட்டு சொல்லுங்க பாப்போம்” என்று ஆட்டத்தைக் கொஞ்சம் ஏற்றினேன்.

முதலில் அக்கா மகனுக்குக் கண்ணைக் கட்டினேன். ஒன்பதில் எட்டு சரி. அந்தக் குட்டிப்பயல் குதித்தான். பிறகு என் மகளுக்குத் துண்டை எடுத்துக் கட்டினேன். நல்ல கப்பைத் தட்டினேன்.

“பேசல” என்றாள்.

அடுத்ததும் நல்ல கப்புதான். “பேசல” என்றாள். மூன்றாவது, நான்காவது, எல்லாவற்றுக்கும் பேசல, பேசல. குச்சியை ஓங்கித் தட்டினேன். அக்கா மகன், “பேசுது! பேசுது!” என்று கத்துகிறான். இவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு “பேசல” என்கிறாள். நான் தட்டவே இல்லை, குச்சியை மாற்றிப் பிடிக்கிறேன், அதற்கும் “பேசல” என்றாள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வேண்டுமென்றே செய்கிறாள், அக்கா முன்னால் என் மூக்கை அறுக்கிறாள் என்று தோன்றியது. ஜூன் மாதம் பெரிய டீச்சர் முன்னாலும் இப்படித்தான் நிற்பாள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கன்னத்தில் ஒன்று விட்டேன். பாதி அடி காதில் விழுந்தது.

அவள் வீரிட்டு அழுதாள். கண்கட்டை அவிழ்க்கத் தெரியாமல் இரண்டு கையாலும் காற்றைத் துழாவினாள். அந்தக் கைகளை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அக்கா பாய்ந்து வந்து அவளை வாரி எடுத்துக்கொண்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். “யா அல்லா! என்னா பொம்பள நீ? கண்ண கட்டிப்புட்டு அடிக்கிற! எந்தப் பக்கம் கைய ஓங்கறன்னுகூட அந்தப் புள்ளைக்குத் தெரியாதே!”

குச்சியை வீசிவிட்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது. எட்டிப் பார்த்தேன். அக்கா மடியிலிருந்து இறங்கி, விசும்பிக்கொண்டே கப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நல்ல கப்பை எடுத்தாள். வழக்கம்போல வாய்க்குக் கொண்டுபோனாள். நாக்கில் ஒட்டவில்லை. அதன் காதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். அப்படியே குச்சியை எடுத்து விளிம்பில் தட்டினாள்.

அவள் விசும்பல் பாதியில் நின்றது. கண் அகன்றது. மறுபடி தட்டினாள். இன்னொரு கப்பை எடுத்துக் கடித்தாள், தட்டினாள். கடித்த வாயோடு என்னைப் பார்த்து, “ம்மா! பேசுதும்மா!” என்றாள்.

ஒன்பது கப்பையும் ஒவ்வொன்றாகக் கடித்துத் தட்டிப் பார்த்து, பேசுவதை ஒரு பக்கமும் பேசாததை ஒரு பக்கமுமாக ஒதுக்கினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதில் ஒரு கப்புக்கு அடிவட்டத்தில் மட்டும் விரிசல், நானே இரண்டு தடவை தட்டினால்தான் பிடிபடும். அதையும் சரியாக ஒதுக்கியிருந்தாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை, என் புத்தி அப்படி. அக்காவுக்குத்தான் பொறி தட்டியது. அவர் ஒரு நல்ல கப்பை எடுத்து என் மகளின் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினார். “பேசுதா?” என்று கேட்டார். அவள் அக்காவின் வாயைப் பார்த்துவிட்டு, “பேசல” என்றாள். அதே கப்பைப் பல்லில் கடிக்கச் சொல்லித் தட்டினார். “பேசுது.” மறு காதில் தட்டினார். “பேசல.”

அக்கா எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, தன் சாதாரணக் குரலில், “கண்ணு, இங்க பாரு” என்றார். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். திரும்பவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். நான் என் தொண்டையில் கூப்பிட்டேன். உடனே திரும்பிச் சிரித்தாள்.

“தங்கச்சி, இந்தப் புள்ளைக்கு காது கேக்கல. உன் சத்தம் ஒண்ணுதான் கேக்குது” என்றார் அக்கா.

மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற காது என்று கம்பெனியில் எனக்குப் பேர். ஒரு நாளைக்கு ஆயிரம் கப்பைத் தட்டிப் பார்க்கிறவள், பெற்ற பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளவில்லை. என் ஒருத்தியின் கத்தல் எப்படியோ அவளுக்குள் எட்டியதால், வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பால்வாடியில் அவள் எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதனால்தான். நான் தந்த அடியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. வாய்விட்டு அழுதேன். அவள் என் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, “கப்ப கடிச்சிக்கம்மா, நல்லா பேசுது” என்று என் வாய்க்கு நீட்டினாள்.

சாயங்காலம் சூளைக்கே போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கரி பூசின கையோடு வெளியே வந்து நின்றவர், முழுக்கக் கேட்டுவிட்டு, “சூள எரியுது, என்னால இப்ப வர முடியாது. நீ காத்திருக்காத, நாளைக்கே கூட்டிட்டுப் போ” என்றார். ஊர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எனக்குக் கடலூரைத் தாண்டிப் பழக்கமில்லை. நான் கேட்கவே இல்லை, அக்காவே பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டார். புதுச்சேரியில் அவர் சாச்சி வீடு இருந்தது, எங்கள் பேச்சில் சித்தி. மகனைக் கொழுந்தன் வீட்டில் விட்டார். “புள்ளையோட நானும் வரேன். நீ அங்க போய் டாக்டருகிட்ட கத்துவ” என்றார். அந்தக் கப்பையும் குச்சியையும் மறக்காமல் பையில் போட்டதும் அவர்தான்.

வடலூர், கடலூர் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். காது பார்க்கிற டாக்டர் சின்ன வயசுக்காரர். மேஜையிலிருந்து கவட்டை மாதிரி இரண்டு கால் முளைத்த ஒரு இரும்புக் கம்பியை எடுத்து, தன் முழங்கையில் தட்டி, அதை மகளின் காதுக்கு நேராகப் பிடித்தார். அவள் பேசாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி தட்டி, கம்பியின் அடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் வைத்து அழுத்தினார். அவள் முகமெல்லாம் பல்லாகி, “பேசுது!” என்றாள்.

“என்ன பேசுதும்மா?” என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா பையிலிருந்து கப்பையும் குச்சியையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். என் மகள் கடித்துத் தட்டிக் காட்டினாள். நடந்ததை நான் சொன்னேன், அடித்ததையும் மறைக்காமல் சொன்னேன். டாக்டர் கப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு அவளை மறுபடி தட்டிக் காட்டச் சொன்னார்.

“நாங்க இந்தக் கம்பிய எலும்புல வெச்சிப் பாக்கறத உங்க பொண்ணு கப்ப பல்லுல வெச்சே பாத்துட்டாம்மா. எலும்பு வழியா கேக்குதுன்னா உள்காது நல்லா இருக்குன்னு அர்த்தம். நடுவுலதான் அடைச்சிருக்கு. சளி கெட்டியாகி நிக்குது, மூக்குக்குப் பின்னால சதையும் வளந்திருக்கு. சரி பண்ணிடலாம்.”

எனக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் கேட்டதில்லை. “டாக்டர், நான் அடிச்சதுனால போச்சிங்களா?”

“இல்லம்மா. இது ரொம்ப நாளா இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல.” சீட்டில் மருந்தை எழுதிக்கொண்டே, “ஆனா இனிமே காதுல அடிக்காதீங்க. வெள்ளிக்கிழம தலைக்கு ஊத்தும்போது காதுல எண்ண விடறதையும் நிறுத்துங்க” என்றார்.

அந்த மனிதருக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். சரி பண்ணிடலாம் என்று சொன்னதற்கு ஒன்று, சம்மந்தம் இல்லை என்று சொன்னதற்கு இன்னொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் நான் நிம்மதியாக ஒரு கவளம் சோறு தின்றிருக்க மாட்டேன்.

முதலில் ஒரு மாதத்துக்கு மருந்து கொடுத்தார்கள். அதில் ஒரு காது கொஞ்சம் தெளிந்தது, மற்றது அப்படியே இருந்தது. சித்திரை கடைசியில் சின்ன ஆபரேஷன் என்றார்கள். சதையை எடுத்து, செவிப்பறையில் ஊசிமுனை அளவு துளை போட்டுச் சளியை இழுத்துவிடுவார்களாம். கதவுக்கு வெளியே பெஞ்சில் நானும் அக்காவும், சூளை அணைந்த மறுநாளாகப் பார்த்து வந்த என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். அரை நாள் முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. “ஒடம்புக்கு என்னாவது பண்ணுதா?” என்று அவர் பயந்துபோய்க் கேட்டார்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் அக்கா முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். கட்டிலில் படுத்திருந்த மகள் எழுந்து உட்கார்ந்து, “அது என்னா சத்தம்?” என்றாள். துடைப்பம் என்றேன். கொஞ்ச நேரத்தில், “இது என்னா?” என்றாள். அக்காவின் கண்ணாடி வளையல். பிறகு சோறு கொதிக்கிறது. பிறகு தூரத்தில் ஜங்ஷனில் ரயில் ஊதியது. ஒவ்வொன்றுக்கும் ஓடிப்போய் எதிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். ரயிலுக்குத்தான் எங்கே ஓடுவது என்று தெரியாமல் தெருவில் நின்றாள். அன்றைக்கு முழுக்க ஒரு தடவைகூட அவள் கப்பைத் தொடவில்லை. அதன் காதில் அவள் பல் பட்ட இடத்தில் பூச்சு மட்டும் லேசாகப் பெயர்ந்திருந்தது. எடுத்து மாடத்தில் வைத்தேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். பெரிய டீச்சர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பதிலோடு நிற்காமல், சுட்ட கப்பு ஏன் கரையாது என்று அவரையே திருப்பிக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டுப் பேரை எழுதிக்கொண்டார். வருகிற வழியில் பால்வாடிக்குப் போய் அந்த டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் அன்றைக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் வாளியே எடுத்திருக்க மாட்டேன். “நான்தாங்க மந்தம்னு தப்பா சொல்லிட்டேன்” என்று அவர் கண் கலங்கினார். நாங்கள் இரண்டு பேரும் தப்பாகச் சொன்னவர்கள்தான்.

அன்று மத்தியானம் சோறு போட்டு வைத்துவிட்டு, கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்தவளை வழக்கம்போலக் கூப்பிட்டேன். “ஏய்! சோறு ஆறுது, வாடி!”

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். முகம் சுருங்கியிருந்தது.

“அம்மா, நான் இங்கதான இருக்கேன். ஏன் இப்படி கத்துற?”

பக்கத்து வீட்டில் அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவள் திரும்பிப் போய் வாளிப் பக்கம் குந்திக்கொண்டாள், முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு. நான் வாசற்படியிலேயே நின்றேன். மெதுவாகக் கூப்பிட எனக்குப் பழக்கமில்லை, ஒரு முறை எச்சில் விழுங்கிக்கொண்டேன். பிறகு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், “சாப்ட வா கண்ணு” என்றேன்.

திரும்பிப் பார்க்காமலே, “தோ வரேம்மா” என்றாள்.